கறுப்புக்குள் தெரிந்த கோடுகள்

அறுபது படுக்கைகள் கொண்ட அந்த ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் மூச்சுப்பிடி என்றுதான் சொல்வார்கள். "மூச்ச நல்லா இழுங்க, பிடிங்க, ஆடாதீங்க, இப்ப விடுங்க" என்று ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்கிற எக்ஸ்ரேக்காரருக்கு வேறு என்ன பட்டப்பெயர் வரும்? ஒருமுறை பிடிக்கச் சொன்னவர் விடச் சொல்ல மறந்துவிட்டாராம், உள்ளே நின்ற ஆள் முகம் நீலம் பாரிக்கும் வரை அப்படியே நின்றாராம் என்று கேண்டீனில் ஒரு கதை உண்டு. அவர் இருக்கும்போதே சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் டீயை உறிஞ்சிக்கொண்டே, "அந்த ஆள் இன்னும் விடலையாம், வீட்ல சொன்னாங்க" என்று தன் பங்குக்கு ஒரு வால் சேர்ப்பார்.

கைக்குழந்தையைப் படம் எடுக்க வந்தால் மட்டும் அவர் வேறு ஆள். பிடி என்றால் பிடிக்க அதற்குத் தெரியாது. அதன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்து, உப்பி நிற்கும் அந்தக் கண்ணிமைப்பு நேரத்தில் பொத்தானை அமுக்க வேண்டும். முப்பத்தொரு வருஷ வேலையில் அதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் எடுத்து முடித்ததும் வெளிக்குழாயடியில் நின்று வெகுநேரம் கை கழுவுவார். சோப்பு கரைகிறதே என்று ஆயா முணுமுணுப்பாளே தவிர, ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

காரணம் இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு மத்தியானம்.

அன்று மூன்று மணி இருக்கும். சாலை விபத்தில் சிக்கிய ஒரு வேன் நிறைய ஆட்களை அள்ளிக்கொண்டு வந்து போட்டிருந்தார்கள். முன்வாசலெல்லாம் ரத்தமும் கூச்சலும். அந்தக் களேபரத்துக்கு நடுவே ஒரு நர்ஸ், ஐந்து வாரக் குழந்தை ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு எக்ஸ்ரே அறைக்கு ஓடி வந்தாள். ஆண் குழந்தை. விலா எலும்புக்குக் கீழே குழி விழ விழ மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. வெளியே பெஞ்சில் அதன் தாய் உட்கார்ந்திருந்தாள். இருபது இருபத்தொரு வயதுதான் இருக்கும். பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. கணவன் யாருக்கோ போன் செய்யப் போயிருந்தான்.

துணைக்கு ஆள் கிடையாது. ஈய அங்கியை மாட்டிக்கொண்டு, குழந்தையின் இரண்டு கைகளையும் சேர்த்து மேலே தூக்கி, காதோடு ஒட்டி ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் அவரே பொத்தானை அமுக்கினார். பிறகு இருட்டறைக்குள் போய், ஃபிலிமைக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட வெளியே கொண்டுவந்து விளக்குப் பெட்டியில் மாட்டினார்.

இடது நெஞ்சு முழுக்கக் கறுப்பு. இதயத்தையே வலப்பக்கம் தள்ளியிருந்தது. அந்தக் கறுப்புக்குள் முடியிழை போலச் சில கோடுகள்.

படங்களைப் பார்த்து அறிக்கை எழுத வியாழக்கிழமைதோறும் ஒரு பெரிய டாக்டர் வருவார். அவர் பேச்சுவாக்கில் சொன்னது மூச்சுப்பிடிக்கு நினைவிருந்தது. நுரையீரலுக்கு வெளியே காற்று கசிந்து நின்றால் அங்கே கோடு தெரியாது, வெறும் கறுப்புதான். கோடு தெரிந்தால் அது கசிவு அல்ல, நுரையீரலே ஊதிப் பெருத்துக் கிடக்கிறது. சில குழந்தைகள் பிறக்கும்போதே நுரையீரலின் ஒரு பகுதி, ஒரு மடல், அப்படிப் பழுதாகப் பிறக்கின்றன. காற்று உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது.

பணியிலிருந்த டாக்டர் கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார். சின்ன வயதுக்காரர். ஒரு பார்வை பார்த்தார்.

"காத்து கசிஞ்சிருக்கு. உடனே ட்யூப் போடணும்."

"டாக்டர், உள்ள கோடு மாதிரி..."

"என்னது? ஃபிலிம்ல கீறலா?"

மூச்சுப்பிடி ஒரு கணம் நின்றார். வெளியே யாரோ டாக்டரைக் கூப்பிட்டுக் கத்தினார்கள். படிப்பு இரண்டு வருஷ டிப்ளமா. எதிரே நிற்பவர் டாக்டர்.

"ஆமா டாக்டர். கீறலா இருக்கும்" என்றார்.

நெஞ்சில் குழாய் இறக்கினார்கள். அது போய்க் குத்தியது காற்றில் அல்ல, நுரையீரலில். ஐந்து மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தத் தாயின் குரல் சலவைக்கூடம் வரை கேட்டது.

ஃபிலிமை எடுத்து அலமாரியின் அடியில் ஒளித்து வைத்தார். வியாழக்கிழமை வந்த பெரிய டாக்டரிடம் எதுவும் தெரியாதவர் போல அதைக் காட்டினார்.

"கசிவு இல்லப்பா இது. மேல் மடல் ஊதியிருக்கு. குழந்தை எங்க?"

"வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க டாக்டர்."

"நல்லது. அந்த மடல அறுத்து எடுத்துட்டா பொழைச்சுக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

குழாய் போட்ட டாக்டர் அடுத்த வருஷமே வெளிநாடு போனார். தான் செய்தது என்னவென்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. தெரிந்த ஒரே ஆள் மூச்சுப்பிடிதான். அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆள் இல்லாத நேரத்தில் அந்த ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். இந்தத் தடவையாவது கோடுகள் இல்லாமல் இருக்காதா என்று பார்ப்பார். இருக்கும். மூன்று வருஷம் கழித்து, பழைய ஃபிலிம்களை மொத்தமாக மூட்டை கட்டி விற்றபோது அதையும் அதில் போட்டார். போட்டுவிட்டால் தொலையும் என்று நினைத்தார். தொலையவில்லை. எந்தக் குழந்தையின் கையை மேலே தூக்கினாலும் அந்தக் கைதான் வந்து உட்கார்ந்தது. நல்ல நுரையீரல்களின் படத்திலும் முதலில் இடது பக்கத்தைத்தான் பார்ப்பார்.

அந்தத் தாய் வேறெங்கும் போய்விடவில்லை. ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஜெராக்ஸ் கடை வைத்தாள். நோயாளிகளெல்லாம் ரிப்போர்ட்டுகளைப் பிரதி எடுக்க அங்கேதான் போவார்கள். மூச்சுப்பிடி மட்டும் பேருந்து நிறுத்தத்துக்குச் சுற்று வழியில் நடந்தார். மழையானாலும் சரி, வெயிலானாலும் சரி.

இப்படியே போயிருக்கும், அவருடைய அக்கா மகளுக்குக் குழந்தை பிறக்காமல் இருந்திருந்தால்.

அக்கா மகள் தண்ணீர் வாரியத்தில் போனில் புகார் எடுக்கிறவள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று நாள் முழுக்க ஊரே அவள் காதில் கத்தும். அதனாலோ என்னவோ, வீட்டில் அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. கணவன் ஐஸ் தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியன். முதல் குழந்தை, பெண். ஏழு வாரத்தில் பால் குடிக்கும்போது மூச்சு வாங்குகிறது என்று பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே எடுத்த எக்ஸ்ரேயை அவள் போனில் படம் பிடித்து, "மாமா, இது என்னன்னு பாருங்க" என்று அனுப்பினாள்.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போனைத் திறந்தார். இடது பக்கம் கறுப்பு. விரலால் பெரிதாக்கினார். கறுப்புக்குள் கோடுகள். பிசைந்த சோறு கையிலேயே காய்ந்தது.

ஸ்கேனும் எடுத்தபின் டாக்டரைப் பார்க்கப் போனபோது அவரும் கூடப் போனார். அறுவை மருத்துவர் ஒரு பெண். அவசரமே இல்லாமல் பேசினார்.

"மேல் மடல் கொஞ்சம் ஊதியிருக்கு. பக்கத்துல இருக்கிற நல்ல பகுதிய லேசா அமுக்குது. பிறவியிலேயே வர்றது. ஆனா குழந்தை பால் குடிக்குது, எடை ஏறுது, ஆக்சிஜன் தொண்ணூத்தாறு இருக்கு. நமக்கு ரெண்டு வழி. அந்த மடல ஆபரேஷன்ல எடுத்துடலாம், மீதி நுரையீரல் வளர்ந்து இடத்த நிரப்பிக்கும். இல்ல, எடுக்காம கவனமா பார்த்துக்கிட்டு இருக்கலாம். சில குழந்தைகளுக்கு வளர வளர அது ஒரு தொந்தரவும் பண்றதில்ல."

"என் குழந்தை எதுல சேர்த்தி?" என்று அக்கா மகள் கேட்டாள்.

"அத இன்னிக்கே சொல்ல முடியாதும்மா. இவ்வளவு சின்ன உடம்புக்கு மயக்க மருந்து, ஆபரேஷன்னா அதுல ஆபத்து உண்டு. காத்திருந்தா, ஒரு சளி பிடிச்சு திடீர்னு மோசமாகறதுக்கும் வாய்ப்பு உண்டு. ரெண்டுமே தப்பான வழி இல்ல. யோசிச்சு சொல்லுங்க, அவசரம் இல்ல."

"எடுத்துடுங்க டாக்டர்" என்றார் மூச்சுப்பிடி.

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் மெல்லச் சிரித்தார். "நீங்க யாரு?"

"இவளுக்குத் தாய்மாமன்."

"அம்மா அப்பா முடிவு பண்ணட்டும், சார்."

அன்றிலிருந்து பதினோரு நாள் அவர் அந்த வீட்டை விடவில்லை. வேலை முடிந்ததும் நேரே அங்கே போய்விடுவார். கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு குழந்தையின் மூச்சை எண்ணுவார். ஒரு நிமிஷத்துக்கு நாற்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு என்று சொல்லிச் சொல்லியே வீட்டில் இருந்தவர்களின் மூச்சை நிறுத்தினார். குழந்தை தும்மினால் எழுந்து நின்றார். மருமகனைத் தனியாக மாடிப்படிக்கு அழைத்துப் போய், "எடுத்துட்டா தொல்லை விட்டுது. காத்திருந்து ஏதாவது ஆச்சுன்னா ஜென்மத்துக்கும் தாங்க முடியாது தம்பி" என்று பிடித்துப் பிடித்துச் சொன்னார். அவன் பாவம், கம்பியில் கரண்டு இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்கிறவன். இதைப் பார்த்துச் சொல்ல அவனுக்கு ஒரு கருவியும் இல்லை. ஆடிப்போய்விட்டான்.

பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை. சமையலறையில் பால்புட்டியைக் கொதிநீரில் போட்டுவிட்டு அக்கா மகள் கூடத்துக்கு வந்தாள். மாமா குழந்தையின் முன் மண்டியிட்டிருந்தார். அதன் இரண்டு கைகளையும் சேர்த்து மேலே தூக்கி, காதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, வயிற்றையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை வீறிட்டு அழுதது. அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"மாமா, கைய விடுங்க."

அவர் விடவில்லை.

"மாமா!"

அவள் குரல் அப்படி உயர்ந்து அன்றுதான் கேட்டார். கையை விட்டார். அவள் குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, "என்ன ஆச்சு உங்களுக்கு? இது நம்ம வீட்டுக் குழந்தையாவே உங்க கண்ணுக்குத் தெரியலையே" என்றாள்.

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இருபத்திரண்டு வருஷமாக வாயைத் திறக்காதவர் திறந்தார். வேன் விபத்து, ஈர ஃபிலிம், கோடுகள், கீறல் என்று சொன்னது, வியாழக்கிழமை டாக்டரிடம் புளுகியது, எல்லாம். புட்டி அடுப்பில் கொதித்துக்கொண்டே கிடந்தது.

முடித்ததும் அவள் கேட்டாள்: "இப்ப நீங்க எந்தக் குழந்தைக்கு ஆபரேஷன் பண்ணச் சொல்றீங்க மாமா?"

அவர் நிமிர்ந்து அவள் தோளில் கிடந்த குழந்தையைப் பார்த்தார்.

"அந்த அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? தப்பான ஆபீஸ்ல புகார் குடுத்தா அது வருஷக்கணக்கா நகராது. நான் அந்த வேலை பார்க்கறவ, எனக்குத் தெரியும்" என்றாள். அழுகையும் கோபமும் அவளுக்கு ஒன்றாகவே வந்தன.

மறுநாளும் அதற்கு மறுநாளும் யோசித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அவர் அந்தத் தெருவுக்குள் நுழைந்தார். கடை குறுகலானது. இரண்டு இயந்திரங்கள், ஒரு லேமினேஷன் பெட்டி, கட்டுக்கட்டாகக் காகிதம். அவளுக்கு இப்போது நாற்பத்து மூன்று வயது இருக்கும். முன்நெற்றியில் நரை. இரண்டு வாடிக்கையாளர்கள் போகும் வரை ஓரமாக நின்றார்.

"எத்தனை காப்பி சார்?"

"காப்பி இல்லம்மா. நான் ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கறவன். இருபத்திரண்டு வருஷம் முன்னாடி உங்க பையனுக்குப் படம் எடுத்தது நான்தான்."

அவள் இயந்திரத்தின் மூடியில் வைத்த கையை எடுக்கவில்லை. அவர் சொல்லி முடிக்கும் வரை அப்படியே நின்றாள்.

"கோடுன்னா எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

வீணான ஒரு காகிதத்தின் பின்புறம் பேனாவால் வரைந்து காட்டினார். அவள் அதை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

"அப்ப பால் இல்லையா?"

"என்னம்மா?"

"நான் அன்னிக்குப் படுத்துக்கிட்டே பால் குடுத்தேன். அசதி. பால் நுரையீரலுக்குள்ள போயி ஓட்டை போட்டுடுச்சுன்னு நினைச்சேன். டாக்டர் ஓட்டைன்னுதான் சொன்னாரு."

"இல்லம்மா. பாலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. பிறக்கும்போதே அப்படி."

அவள் அந்தக் காகிதத்தை நாலாக மடித்தாள். பிறகு, "எனக்கு அப்புறம் ஒரு பொண்ணு பிறந்தா. அவளுக்கு ஒரு சொட்டு குடுக்கல. கட்டிக்கிட்டு வலி உயிர் போகும். பிழிஞ்சு சாக்கடையில ஊத்துவேன். குழந்தை பக்கத்துலயே பசியில கத்தும்" என்றாள்.

அவர் தலை தானாகக் குனிந்தது. தன் மௌனம் தன்னை மட்டும்தான் தின்றது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தார்.

"அந்தப் படம் இருக்கா?"

"இல்லம்மா. பழைய ஃபிலிமையெல்லாம் வித்துட்டாங்க. அதுலேர்ந்து வெள்ளி எடுப்பாங்க."

"வெள்ளியா?"

"ஃபிலிம்ல கொஞ்சம் வெள்ளி இருக்கும்."

"அவனை ஒரு போட்டோகூட எடுக்கல" என்றாள் அவள். "அம்பது நாள் ஆகட்டும், ஸ்டூடியோவுக்குப் போகலாம்னு இருந்தோம். அவனை எடுத்த ஒரே படம் அதுதான்."

தெருவில் ஒரு ஆட்டோ நின்று புறப்பட்டது.

"படம் எடுக்கும்போது அவனை யாரு பிடிச்சுக்கிட்டா?"

"நான்தான்."

"எப்படி?"

அவர் கையை நீட்டி, அங்கே இல்லாத இரண்டு சின்னக் கைகளைச் சேர்த்து மேலே தூக்கிப் பிடித்துக் காட்டினார். அவள் அந்தக் கையையே பார்த்தாள்.

"அழுதானா?"

"இல்ல. என்னைப் பார்த்துக்கிட்டு இருந்தான்."

"போயிடுங்க. உங்களைத் திட்டக்கூட எனக்கு இப்ப வாய் வரல" என்றாள்.

அவர் படியிறங்கும்போது யாரோ ஒரு கட்டுக் காகிதத்தோடு உள்ளே போனார்கள். பின்னால் இயந்திரம் ஓடத் தொடங்கியது.

அக்கா மகளும் கணவனும் காத்திருப்பது என்று முடிவெடுத்தார்கள். டாக்டரிடமே கேட்டு, எதெதைக் கண்டால் உடனே ஓடிவர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார்கள். பால் குடிக்காமல் போனால், எடை ஏறாமல் நின்றால், விலாவுக்குக் கீழே குழி விழுந்தால். நாலாவது மாசம் ஒரு சளி பிடித்தது. குழி விழுந்தது. அரைமணி நேரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். மூன்று நாள் ஆக்சிஜன். தினமும் காலையில் அறுவை மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, "இன்னிக்கு வேண்டாம், நாளைக்குப் பார்ப்போம்" என்று போவார். மூச்சுப்பிடி வராந்தாவில் ஃபிளாஸ்கோடு உட்கார்ந்திருந்தார். எடுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் மட்டும் அந்த டாக்டரை வழிமறித்துப் பழைய குழந்தையின் கதையைச் சுருக்கமாகச் சொன்னார். "குழாய் போடாம இருந்திருந்தா பொழைச்சிருக்குமா டாக்டர்?"

"அப்ப இங்க இந்த ஆபரேஷன் பண்ண ஆள் இருந்தாங்களா?"

"இல்ல. ஆறு மணி நேரம் போகணும்."

"அப்ப தெரியாது சார். போய்ச் சேர்ந்திருக்கலாம். வழியிலயே போயிருக்கவும் கூடும். என்னால சொல்ல முடியாது."

எந்தப் பதிலை எதிர்பார்த்துக் கேட்டோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

நாலாம் நாள் குழந்தை வீடு திரும்பியது. இரண்டு வயதில் எடுத்த ஸ்கேனில் அந்த மடல் அதே அளவில்தான் இருந்தது. அதைச் சுற்றிப் பெண் வளர்ந்துவிட்டாள். அதே வார்டில் பழக்கமான வேறொரு குடும்பம் ஆபரேஷன் செய்துகொண்டது. அந்தப் பையனும் விலாவில் ஒரு தழும்போடு பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் வராந்தாவில் ஓடித் திரிகிறான். "நாங்கதான் சரின்னு சொல்ல வரல. எங்களுக்கு இப்படி அமைஞ்சுது" என்பாள் அக்கா மகள்.

ஜெராக்ஸ் கடைக்காரி ஒருமுறை எக்ஸ்ரே அறைக்கு வந்தாள். அவர் கடைக்குப் போய் எட்டு மாசம் ஆகியிருந்தது. உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

"என் பொண்ணு முழுகாம இருக்கா, இப்ப ஏழு மாசம். எப்படிப் பால் குடுக்கறதுன்னு என்னைக் கேக்கறா. எனக்குச் சொல்லத் தெரியல. உங்ககிட்ட கேட்டத அவகிட்ட சொன்னேன், நம்ப மாட்டேங்கறா. சின்ன வயசுலேர்ந்து நான்தானே பயமுறுத்தி வச்சிருக்கேன். ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க."

எழுதினார். அவள் வாங்கி இரண்டு தரம் படித்தாள்.

"'பால் காரணம் அல்ல'ன்னு போட்டிருக்கீங்க. 'காரணம் இல்லவே இல்ல'ன்னு போடுங்க."

வேறு தாள் எடுத்து அப்படியே எழுதிக் கொடுத்தார். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. இப்போது ஃபிலிம் கிடையாது, படம் நாலு விநாடியில் திரையில் வந்துவிடுகிறது. குழந்தைகளின் படத்தை அனுப்பும்போதெல்லாம் டாக்டருக்குப் போன் போட்டு, "உள்ள கோடு இருக்கான்னு பார்த்துடுங்க" என்கிறார். புதிதாக வரும் டாக்டர்களுக்கு இது எரிச்சல். ஒரு தடவைகூட இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும்போது அவருடைய வலது கை மெல்ல மேலே எழும்பி, எதையோ பிடித்தபடி நிற்கும். அவர் மனைவி கீரை ஆய்வதை நிறுத்திவிட்டு வந்து, அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிப் பாயில் வைப்பாள். சில நாள் இரண்டு தடவை இறக்க வேண்டியிருக்கும்.